கட்டைவிரல் இறங்கும் ஆறு படிகள்

என் மனைவி தினமும் காலையில் பாடி முடித்ததும் என்னைப் பார்த்து "நின்னுதா?" என்று கேட்பாள். சுருதியில் நின்றதா என்பதுதான் கேள்வி. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தாலும் சரி, சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தாலும் சரி, தலையை ஆட்டினால்தான் சுருதிப் பெட்டியை நிறுத்துவாள். நிற்கவில்லை என்றால் நான் ஆட்டமாட்டேன், அவள் மறுபடி பாடுவாள். கல்யாணமான முதல் வாரத்தில் தொடங்கிய பழக்கம் இது. பதினான்கு வருஷத்தில் இந்த ஒரு விஷயத்தில் நான் அவளிடம் பொய் சொன்னதில்லை. மற்ற விஷயங்களைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

எங்கள் வீடு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால் புதிதாக முளைத்த தெருக்களில் ஒன்றில் இருக்கிறது. நில அளவைப் பிரிவில் எனக்கு வரைவாளர் வேலை. யாருடைய வரப்பு எங்கே முடிகிறது என்று கோடு போட்டே பாதி ஆயுள் போய்விட்டது. மீதிப் பாதி கிட்டாருக்கு. பதினெட்டு வயதில் ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்து சுற்றுவட்டாரத்து அம்மன் கோயில் திருவிழாக்களில் எல்லாம் வாசித்தேன். அங்கே கிட்டார் என்று ஒன்று இருப்பதே கூட்டத்துக்குத் தெரியாது. கீபோர்டுக்காரர் இடது கையால் பேஸ் என்கிற அடி ஸ்வரங்களை வாசிப்பார், வலது கையால் மற்ற எல்லாவற்றையும் வாசிப்பார், நான் பளபளச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். நாற்பது வயதுக்கு மேல் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து எனக்கு ஜாஸ் பிடித்துக்கொண்டது. சளி பிடிக்குமே, அந்த மாதிரி.

ஜாஸ் கிட்டாரில் ஸ்லாஷ் கார்ட் என்று ஒரு சமாசாரம் உண்டு. பயப்பட வேண்டாம், ஒரே பத்தியில் சொல்லிவிடுகிறேன். மூன்று நான்கு ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்கவிட்டால் அது கார்ட். வழக்கமாக அந்தக் கார்டுக்குப் பெயர் கொடுத்த ஸ்வரம்தான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும். ஸ்லாஷ் கார்டில் மேலே இருப்பது ஒன்று, அடியில் இருப்பது வேறொன்று. எழுதும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு சாய்கோடு போடுவார்கள். எங்கள் ஆபீஸ் படிவங்களில் சாய்கோட்டைப் பார்த்தால் பொருந்தாததை அடித்துவிட வேண்டும். அந்தப் பழக்கதோஷத்தில் முதல் ஒரு மாதம் மேலே இருந்ததை மட்டும் வாசித்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடியில் இருப்பதைக் கட்டைவிரலால் சேர்த்துத் தட்டிய நாளில்தான் புரிந்தது. மேலே உள்ளதை அதிகம் மாற்றாமல், அடி ஸ்வரத்தை மட்டும் ஒவ்வொரு படியாகக் கீழே இறக்கலாம். கேட்கிறவர் வயிற்றுக்குள்ளும் ஏதோ ஒன்று மெதுவாக இறங்கும். பேஸ் வாசிக்கத் தனி ஆள் இல்லாத இடத்தில், கிட்டார்காரனின் கட்டைவிரல்தான் அந்த வேலையைப் பார்க்க வேண்டும். நான் என் கட்டைவிரல் மேல் அளவுக்கு மீறிய கர்வம் வைத்திருந்தேன். நடந்ததற்கெல்லாம் அந்தக் கர்வம்தான் காரணம்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவளுக்குத் தைராய்டு சுரப்பியில் ஒரு கட்டி வந்தது. வேலூருக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டோம். பயப்படும்படியான கட்டி இல்லை என்று ரிசல்ட் வந்தது. ஆனால் குரல் போய்விட்டது. குரல் நரம்பு சோர்ந்துபோகலாம், தானாகத் தேறும், சிலருக்கு முழுசாகத் தேறாமலும் போகும் என்று டாக்டர் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லியிருந்தார். எட்டு மாதம் அவள் பேச்சு வெறும் காற்றாக வந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது நாலு கட்டைதான் சௌகரியம். ஓரத்தில் லேசான கரகரப்பு. எனக்கு இந்தக் குரல் பழையதைவிடப் பிடித்திருந்தது. சொன்னால் அவள் நம்பவில்லை.

அவள் ஒரு தனியார் பள்ளியில் பாட்டு டீச்சர். அவள் குரல் இல்லாமல் இருந்த நாட்களில் பாட்டு வகுப்புக்குத் தற்காலிகமாக வேறொரு ஆளைப் போட்டிருந்தார்கள். தாளாளர் நல்ல மனுஷி. "லைப்ரரியப் பாத்துக்கோங்க டீச்சர், தொண்டைக்கும் ரெஸ்ட்" என்று சொல்லியிருந்தார். புதுக் கல்வி ஆண்டுக்குள் ஒரு முடிவு வேண்டும், திங்கட்கிழமை பதில் சொல்லுங்கள் என்றார். அவளும் ஒரு முடிவு வைத்திருந்தாள்.

"ஒரே ஒரு தடவ ஜனங்க முன்னாடி பாடிப் பாக்கறேங்க. நின்னுச்சுன்னா பாட்டு டீச்சர். நிக்கலன்னா லைப்ரரி. அதுக்கப்புறம் வீட்டுலயும் பாடமாட்டேன். பாடுன்னு நீங்க கேக்கவும் கூடாது."

அவளுக்கு அரைகுறையாக எதையும் செய்யத் தெரியாது. பாடமாட்டேன் என்றால் பாடமாட்டாள். காலையில் அந்தச் சத்தம் இல்லாத எட்டு மாதங்களை நான் பார்த்துவிட்டேன். குக்கர் விசிலும் மிக்சியும் மட்டும் கேட்கிற வீட்டில் மறுபடி இருக்க எனக்குத் தெம்பில்லை.

ஜனங்கள் முன்னால் பாடுவதற்கு ஓர் இடம் கிடைத்தது. செங்கம் ரோட்டில், கிரிவலப் பாதையை ஒட்டி, ஒரு பாய் மாடியில் காபிக் கடை வைத்திருக்கிறார். டவுனில் அவர் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாக இரும்புச் சாமான் கடை உண்டு. அதைத் தம்பியிடம் விட்டுவிட்டு இவர் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் யாராவது வாசிப்பார்கள். வெள்ளைக்காரர்கள் பாதி, நம் ஆட்கள் பாதி. எல்லோரும் காது கொடுத்துக் கேட்பார்கள், அதுதான் அங்கே உள்ள கஷ்டம். ஒரு ஞாயிறு எங்கள் இரண்டு பேருக்கும் என்று சொன்னார் பாய்.

மூன்று உருப்படி தீர்மானித்தோம். முதல் இரண்டும் எளிமையானவை. மூன்றாவது அவளே போட்ட மெட்டு. குரல் இல்லாத மாதங்களில் மனசுக்குள்ளேயே போட்டது. தொடக்கத்தில் வார்த்தையே கிடையாது. ஒரே ஒரு ச, நீளமாக, அகாரத்தில். அப்படியே நிற்க வேண்டும். அந்த ச நிற்கும்போது அடியில் என் கட்டைவிரல் ஆறு படி இறங்கும் என்று நான் தீர்மானித்தேன். நாலாவது கம்பியில் ச-வில் தொடங்கி, பெரிய நி, சின்ன நி, பெரிய த, சின்ன த, கடைசியில் ஐந்தாவது கம்பியில் ப. மேலே கார்ட் ஒன்றிரண்டு இடத்தில் மாறினாலும் எல்லாவற்றிலும் அவளுடைய ச இருக்கும். நின்ற இடத்தில் அவள் நிற்பாள், தரை மட்டும் அவள் காலுக்குக் கீழே இறங்கிக்கொண்டே போகும். இதைக் காகிதத்தில் எழுதிய அன்று எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

ஒரு நிபந்தனையும் போட்டேன். சுருதிப் பெட்டி கூடாது. இப்போது அது பெட்டிகூட இல்லை, போனில் ஒரு ஆப்தான், ஆனாலும் கூடாது என்றேன். பின்னால் ச-வும் ப-வும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் என் அடி ஸ்வரங்கள் எல்லாம் அதோடு உரசிக் கலங்கிவிடும், ஜாஸில் இதெல்லாம் கிடையாது என்று பெரிய வித்வான் மாதிரி பேசினேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஆப்பை நிறுத்தினாள். பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்பே சுருதி கேட்டு வளர்ந்தவள். அவள் பிறந்த வீட்டில் காலையில் பால் பொங்குவதற்கு முன்பு சுருதி போட்டுவிடுவார்களாம்.

ஒத்திகையில் முதல் படியில் அவள் ச சுத்தமாக நின்றது. என் கட்டைவிரல் இரண்டாவது படிக்கு, நி-க்கு, இறங்கியதும் அவள் குரல் சரிந்தது. நிறுத்தினேன். மறுபடி தொடங்கினோம். அதே இடத்தில் மறுபடி சரிந்தது. மூன்றாம் படியில் இன்னும் கீழே. ஒரு வாரம் இப்படியே போனது. அவள் பிசிறில்லாமல் சரிவாள், தான் சரிந்தது அவளுக்கே தெரியாது. முடித்துவிட்டு "நின்னுதா?" என்று கேட்பாள். நான் தலையை ஆட்டமாட்டேன். அவள் முகம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சுருங்கும்.

புதன்கிழமை சாயங்காலம் பதினோராவது தடவையோ பன்னிரண்டாவது தடவையோ அது சரிந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. கிட்டாரை மடியிலிருந்து இறக்கிவிட்டுச் சொன்னேன்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் உனக்கு சுருதியே நிக்கல. அத முதல்ல ஒத்துக்கோ."

அவள் எழுந்து போய் அடுப்பில் இருந்த பருப்பை இறக்கினாள். அன்று ராத்திரி சாப்பாட்டில் எல்லாம் சரியாக இருந்தது, உப்புகூட. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் வியாழக்கிழமை. மதியம் ஆபீஸில் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, முந்தின நாள் ஒத்திகையைப் பதிவு செய்திருந்ததைக் காதில் மாட்டிக் கேட்டேன். என் வாசிப்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் கேட்டேன், அவளுடையதைக் கேட்பதற்காக அல்ல. கிட்டாருக்குச் சுருதி சேர்க்கிற ஆப் ஒன்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறேன், அது ஆபீஸுக்குத் தெரியாது. சும்மா அதில் அவள் குரல் பதிந்த தடத்தை மட்டும் ஓடவிட்டேன்.

முதல் படியில் முள் நடுவில் நின்றது. இரண்டாவது படியில் அவள் இறங்கினாள். எவ்வளவு இறங்கினாள் என்று பார்த்தேன். சரியாக அரை ஸ்வரம். முள் மறுபடி நடுவில், ஆடாமல் நின்றது. மூன்றாவது படியில் இன்னொரு அரை ஸ்வரம், மறுபடி ஆடாமல். நாலாவது படியிலும் அப்படியே. தொண்டை கெட்டவர்கள் இப்படி இறங்கமாட்டார்கள். இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் எங்கேயாவது மாட்டிக்கொண்டு தள்ளாடுவார்கள். இவளோ நான் படத்தில் கோடு போடுகிற மாதிரி அளந்து வைத்து இறங்கியிருக்கிறாள்.

என் கட்டைவிரல் தட்டிய அதே ஸ்வரத்துக்கு, ஒவ்வொரு படியிலும்.

அவளுக்கு அடியில் ஒலிக்கிற சத்தம்தான் ச. பிறந்ததிலிருந்து அப்படித்தான். அடியில் இருப்பது நகராது, நகரவே நகராது, அதன் மேல்தான் நாம் நிற்கிறோம் என்று பழகிய காது. நான் அந்த அடியை நகர்த்தினேன். அவள் காது அதைத் தேடிக்கொண்டு பின்னாலேயே வந்திருக்கிறது. சுருதியை விட்டதால் அவள் சரியவில்லை. விடாமல் பிடித்ததால் சரிந்திருக்கிறாள். காது மழுங்கியிருந்தால் ஒருவேளை நின்றிருப்பாள்.

உடனே போன் செய்து அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். பள்ளியில் அப்போது இடைவேளை நேரம்தான். போனைக் கையிலும் எடுத்தேன். சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். சொன்னால் அவள் கேட்கப்போவது இரண்டில் ஒன்றுதான்: அப்ப அந்த எறக்கத்த எடுத்துடுங்க. இல்லாவிட்டால், அப்ப சுருதியப் போடுங்க. இரண்டில் எதைச் செய்தாலும் என் ஆறு படி போச்சு. குளிர்காலம் முழுக்க விரல் நுனி காய்த்துப்போக நான் பழகியது போச்சு. ஞாயிற்றுக்கிழமை கேட்க வருகிறவர்களில் நிஜமாகவே ஜாஸ் தெரிந்த ஓர் ஆள் இருப்பதாகப் பாய் வேறு சொல்லியிருந்தார். அந்த ஆள் என் கட்டைவிரலைக் கவனிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அது ஒரு காரணம். இன்னொரு காரணம், ஆபரேஷனைச் சொல்லி அவளை அடித்த அடியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். எனக்கு அது எப்போதும் வராது.

சொல்லாமலேயே சரிசெய்துவிடலாம் என்று ஒரு குறுக்கு யோசனை வந்தது. அன்று சாயங்காலம் கட்டைவிரலை மெதுவாகத் தட்டினேன். அவள் இறங்கினாள். இன்னும் மெதுவாக, எனக்கே கேட்காத அளவுக்குத் தட்டினேன். அப்போதும் இறங்கினாள். சத்தம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அடியில் இருப்பதை அவள் காது தேடிக் கண்டுபிடித்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை, தொண்டைக்கு ரெஸ்ட் வேண்டும் என்று அவள் பாடவில்லை. அன்று காலையில் வீட்டில் சத்தம் இல்லை.

சனிக்கிழமை மதியம் ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். தாளாளருக்கு எழுதிய கடிதம். உடல்நிலை காரணமாக இனிப் பாட்டு வகுப்பு எடுக்க இயலாது, நூலகப் பொறுப்பை ஏற்கச் சம்மதம். அழகான கையெழுத்து. திங்கட்கிழமைத் தேதிகூடப் போட்டாகிவிட்டது.

"இன்னும் பாடவே இல்ல, அதுக்குள்ள எதுக்கு இது?" என்றேன்.

"நாளைக்குப் பாடிட்டு வந்து எழுதினா கை நடுங்கும். இப்ப எழுதிட்டா நல்லா வரும். தப்பு இருக்கா பாருங்க."

நான் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். "இல்ல, சரியாத்தான் இருக்கு" என்றேன். அவள் வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்த மூன்று வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி மதியமே பிறந்துவிட்டது. இதைக் காலண்டரில் பார்க்காமல் எங்களுக்கு அந்தத் தேதியைக் கொடுத்தவர் பாய். "எனக்கு உங்க திதி இன்னா தெரியும் சார், நீங்கதான பாத்து சொல்லணும்" என்று என்மேலேயே திருப்பினார். வண்டிகளை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆட்டோ இறக்கிவிட்ட இடத்திலிருந்து கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு, கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தோம். அவள் செருப்பைக் கழற்றி ஒரு கவரில் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வலது பக்கம் மலை கூடவே வந்தது. கூட்டத்தில் நிற்க முடியாது, வேகமாகவும் போக முடியாது, பின்னால் வருகிறவர்கள் தள்ளுகிற வேகத்தில் போக வேண்டும். ஐந்தரைக்கு நிகழ்ச்சி. நாலே முக்கால் ஆகியிருந்தது.

ஒரு லிங்கத்துக்குப் பக்கத்தில் கூட்டம் தேங்கியது. அப்போது அவள் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், நிஜத்த சொல்லுங்க. என் தொண்ட போயிடுச்சா?"

இதைவிட நேராக ஒருத்தர் கேட்க முடியாது. என் வாயில் பதில் தயாராக இருந்தது. கூட்டம் நகர்ந்தது. "மேடைல பாத்துக்கலாம் வா" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். மூன்று நாளில் அது எத்தனையாவது கோழைத்தனம் என்று எண்ணவில்லை.

பாய் மாடியில் எல்லாம் தயாராக வைத்திருந்தார். நாற்பது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். மைக் சரிபார்க்கும்போது என் கிட்டாரைக் கேட்டுவிட்டு, "சார், அடி சவுண்டு கம்மியா இருக்கு. ஜாஸ்தி பண்றேன், சும்மா கும்முனு வரும்" என்று ஒரு குமிழைத் திருகினார். வந்தது. என் கட்டைவிரல் தட்டியது மாடித் தரையில் அதிர்ந்து, நாற்காலிக் கால் வழியாக ஏறியது. வேண்டாம் பாய், குறையுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவு நன்றாக இருந்தது அந்தச் சத்தம், நான் சொல்லவில்லை. அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கைப்பையை நாற்காலிக்கு அடியில், காலோடு ஒட்டினாற்போல் வைத்திருந்தாள்.

முதல் உருப்படி நன்றாகப் போனது. இரண்டாவதும். கை தட்டினார்கள். அவள் கழுத்தில் தழும்பு இருக்கும் இடத்தில் வியர்வை கோத்திருந்தது, துடைத்துக்கொண்டாள். மூன்றாவதற்கு என்னைப் பார்த்தாள். நான் முதல் கார்டைத் தட்டினேன், அவள் ச-வைப் பிடித்தாள்.

அது எழுந்து நின்ற விதத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. கரகரப்போடு, நேராக. முன்வரிசையில் ஒருவர் கோப்பையைக் கீழே வைத்தார். நாலு தட்டு முடிந்தது. என் கட்டைவிரல் நி-க்கு இறங்கியது. நான் இறக்கினேன் என்று சொல்வதுதான் நேர்மை. தரை அதிர்ந்தது. அவள் குரல் சரிந்தது.

இந்தத் தடவை சரிந்தது அவளுக்கே தெரிந்துவிட்டது. நான் முகத்தைப் பார்த்தேன். கண்ணைத் திறந்து, எதிரில் இருந்தவர்களைத் தாண்டி எங்கேயோ பார்த்தாள். தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. குரல் மட்டும் அந்தத் தப்பான இடத்தில், ஆடாமல், சுத்தமாக நின்றது. அந்தக் கை அடுத்தாற்போல் நாற்காலிக்கு அடியில் இருக்கும் பையைத்தான் எடுக்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். அதோடு முடிந்தது.

நான் கம்பிகள் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினேன். எல்லாம் நின்றுபோனது. அவளும் நிறுத்தினாள். கீழே ரோட்டில் கூட்டம் போகிற சத்தம் மட்டும் வந்தது. என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, சுருதி ஆப்பைத் திறந்து, நாலு கட்டை வைத்து, அவள் மடியில் வைத்தேன். அவள் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னேன்.

"உன் தொண்டைக்கு ஒண்ணுமில்ல. நீ என் கட்டவெரல் பின்னாடியே வந்துட்டிருக்க. தப்பு என்னோடது. மூணு நாளா எனக்குத் தெரியும்."

மைக் என் வாய்க்கு அரை அடியில் இருந்தது என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. தமிழ் தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்டிருக்கும். பாய் மிக்ஸர் குமிழ்களைப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர்கள் இதுவும் பாட்டில் ஒரு பகுதி போலிருக்கிறது என்று காத்திருந்தார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். மூணு நாள் என்பதை அவள் மனசில் எண்ணிப்பார்ப்பது எனக்குத் தெரிந்தது. வியாழன், வெள்ளி, சனி. கடிதம். லிங்கத்துப் பக்கத்தில் கேட்ட கேள்வி. எல்லாவற்றையும் எண்ணி முடித்துவிட்டு, மடியிலிருந்த போனை எடுத்து மைக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். ச-வும் ப-வும் மாடி முழுக்கப் பரவின. கண்ணை மூடிக்கொண்டாள். தொடையில் கை மறுபடி தாளம் போடத் தொடங்கியது.

ச எழுந்தது. நான் தட்டினேன். நாலு தட்டு. நி-க்கு இறங்கினேன். அவள் ச-வும் என் நி-யும் முகத்துக்கு முகம் உரசின. சுருதியும் சேர்ந்து உரசியது. கலங்கிவிடும் என்று நான் பயந்தது இதைத்தான், உரசட்டும் என்று விட்டேன். அவள் நின்றாள். சின்ன நி. நின்றாள். பெரிய த. நின்றாள். சின்ன த. நின்றாள். ப-வுக்கு வந்து சேர்ந்தபோது அவள் ச தொடங்கிய இடத்திலேயே இருந்தது.

மீதி மெட்டை அவள் பாடியதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. முடிந்ததும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஜாஸ் தெரிந்தவர் என்று பாய் சொன்ன ஆள் வந்து அவளிடம் வெகுநேரம் பேசினார். என் கட்டைவிரலைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

கீழே இறங்கி ரோட்டுக்கு வந்ததும் அவள் பையை என்னிடம் கொடுத்தாள்.

"நான் மலையச் சுத்திட்டு வரேன். நீங்க வீட்டுக்குப் போங்க."

"நானும் வரேன்."

"வேணாங்க. நான் தனியாப் போறேன்."

வெறுங்காலோடு கூட்டத்துக்குள் போய்விட்டாள். கொஞ்ச தூரம் வரை புடவை தெரிந்தது. பின்னால் வந்தவர்கள் கிட்டார் பெட்டி இடிக்கிறது என்று என்னை ஓரமாகத் தள்ளினார்கள்.

அந்தக் கடிதத்தை அவள் கொடுக்கவில்லை. அதன் பின்பக்கத்தில் மளிகைச் சாமான் பட்டியல் எழுதி என்னிடமே நீட்டினாள். இப்போது பள்ளியில் பாட்டு வகுப்பு அவளுடையதுதான். நாங்கள் இரண்டு பேரும் பாயின் மாடியில் மறுபடியும் வாசித்தோம், இன்னும் வாசிக்கிறோம். சுருதி ஓடுகிறது, அதன் மேல் நான் படியிறங்குகிறேன், அவள் நிற்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது என்று கேட்டவர்கள் சொல்கிறார்கள். அவள் என்னோடு சண்டை எதுவும் போடவில்லை. மன்னிப்புக் கேட்டேன், "சரி விடுங்க" என்றாள். மனசார விட்டுவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

காலையில் எப்போதும் போலப் பாடுகிறாள். பாடி முடித்ததும் என் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கிற அதே ஆப்பைத் தன் போனில் திறந்து, ஒரு ச பிடித்து, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்கிறாள். பிறகு சுருதியை நிறுத்திவிட்டு எழுந்து போகிறாள். நான் பல் தேய்த்துக்கொண்டே, சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டே தலையை ஆட்டுகிறேன். அவள் இந்தப் பக்கம் திரும்புவதில்லை.